பெப்ரைட்டுகள்: மருந்து எது, மோகம் எது?

உடற்பருமனைக் குறைப்பதற்கும், தசைகளை வலுப்படுத்துவதற்கும், முகச் சுருக்கங்களை நீக்குவதற்கும் 'பெப்ரைட்' என்ற ஒரே பெயரைச் சொல்லி விற்பனை செய்யும் போக்கு அண்மைக் காலமாக உலகெங்கும் பரவி வருகின்றது. மேற்கு நாடுகளின் உடற்பயிற்சி நிலையங்களிலும் அழகு சிகிச்சை நிலையங்களிலும் பெருகிய இம்மோகம் இணையத்தின் வழியே எல்லைகளைக் கடந்துவிட்டது. ஆதலால் இச்சொல் எதனைக் குறிக்கின்றது என்பதை நாமும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்து உருவாகும் குறுகிய சங்கிலியே பெப்ரைட் ஆகும். அச்சங்கிலி நீண்டு மடிந்து சிக்கலான வடிவம் பெறும்போது புரதம் எனப்படுகின்றது. ஓர் உறுப்பின் செய்தியை மற்றோர் உறுப்புக்கு எடுத்துச் செல்லும் தூதுவர்களாகப் பல பெப்ரைட்டுகள் நமது உடலிலேயே இயங்குகின்றன. 51 அமினோ அமிலங்களைக் கொண்ட இன்சுலின் இதற்குச் சிறந்த உதாரணமாகும். 1922 ஜனவரியில் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்ட இம்மருந்து, அன்று தொட்டு கோடிக்கணக்கான நீரிழிவு நோயாளரின் உயிரைக் காத்து வந்துள்ளது.

இன்று பெரிதும் பேசப்படும் செமாகுளுரைட்டும் இவ்வகையைச் சார்ந்ததே. உணவு உட்கொண்டதும் குடலில் சுரந்து, இன்சுலின் சுரப்பைத் தூண்டிப் பசியைத் தணிக்கும் இயற்கையான ஓமோன் ஒன்று சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதனை ஒத்ததாக, ஆனால் ஒரு வார காலம் செயற்படும் வகையில் செமாகுளுரைட் வடிவமைக்கப்பட்டது. விரிவான பரிசோதனைகளின் பின்னர் அமெரிக்காவில் 2017இல் நீரிழிவுக்கும், 2021இல் உடற்பருமனுக்கும் அனுமதி வழங்கப்பட்டது.

இவ்வெற்றியின் நிழலிலேயே வேறொரு சந்தை வளர்ந்துள்ளது. காயங்களையும் தசைநாண்களையும் விரைவில் குணமாக்கும் என விளம்பரப்படுத்தப்படும் பி.பி.சி. 157 என்ற பெப்ரைட் பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை விலங்குகளிலேயே நடத்தப்பட்டவை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் 2022இல் இதனைத் தடைசெய்தது. எனினும் 'ஆய்வுத் தேவைக்கு மட்டும்' என்ற சுட்டியுடன் விற்கப்படும் குப்பிகளை வாங்கித் தாமாகவே ஊசி மூலம் ஏற்றிக்கொள்வோர் உள்ளனர். குப்பியினுள் இருப்பது என்ன, அது கிருமி நீக்கப்பட்டதா, எவ்வளவு அளவு பாதுகாப்பானது என்ற வினாக்களுக்கு அச்சுட்டி விடை தருவதில்லை.

நிரூபிக்கப்பட்ட மருந்துகளும் போலிகளிலிருந்து தப்பவில்லை. 2023இல் ஒஸ்ரியாவில் செமாகுளுரைட் எனக் கருதிப் போலி ஊசியைப் பயன்படுத்தியோர் இரத்தத்தில் சீனியின் அளவு அபாயகரமாக வீழ்ச்சியடைந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். அதில் இன்சுலின் இருந்திருக்கலாம் என அந்நாட்டு அதிகாரிகள் சந்தேகித்தனர். 2024 ஜூனில் உலக சுகாதார ஸ்தாபனமும் இத்தகைய போலிகள் குறித்து எச்சரிக்கை விடுத்தது.

அழகுக்காக அருந்தப்படும் கொலாஜன் பெப்ரைட் தூள் இத்தகைய ஆபத்து உடையதன்று. ஆயினும் அது மாட்டுத் தோல், பன்றித் தோல், மீன் ஆகியவற்றிலிருந்து பெறப்படுவதால், உணவில் சமய நெறிகளைப் பேணுவோர் அதன் மூலத்தை விசாரித்தறிதல் நன்று.

எனவே 'பெப்ரைட்' என்ற பெயர் ஒரு பொருளின் பயனுக்கோ பாதுகாப்புக்கோ சான்றாகாது. அது எந்த நோய்க்காக, எத்தனை மனிதர்களிடம் பரிசோதிக்கப்பட்டது, எங்கு பதிவுசெய்யப்பட்டது என்பவையே கேட்கப்பட வேண்டியவை. நமது நாட்டில் மருந்துகளைப் பதிவுசெய்யும் பொறுப்பு 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அப்பதிவும் வைத்தியரின் சிட்டையும் இன்றி, இணையத்திலோ வெளிநாட்டுப் பொதியிலோ வரும் ஊசி மருந்தை, அது உறவினர் அன்புடன் அனுப்பியதாயினும், உடலில் ஏற்றாதிருப்பதே விவேகமாகும்.