சிறைவைப்பும் சிறைத்தண்டனையும்

'இன்கார்சரேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் 'சிறைத்தண்டனை' என்று நம் மாணவர்கள் மொழிபெயர்த்துவிடுகின்றனர்; இதழ்களும் அவ்வாறே எழுதுகின்றன. இது பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

இதன் வேர் 'கார்சர்' என்னும் இலத்தீன் சொல். கேபிடோல் குன்றின் அடியிலிருந்த உரோமாபுரிச் சிறைக்கு அதுவே பெயர். தேர்ப்பந்தயக் களத்தில் ஓட்டம் தொடங்குமுன் குதிரைகளை நிறுத்திவைத்த அடைப்புகளும் அப்பெயரே பெற்றன. சிறை என்பது மனிதரை நிறுத்திவைப்பதற்கே, தண்டிப்பதற்கன்று என உரோமச் சட்ட அறிஞர் உல்பியன் வகுத்தார். ஆகவே இச்சொல்லில் அடைத்தல் உண்டு, தீர்ப்பு இல்லை.

நாம் வழங்கும் 'கைதி'யும் இத்தகையதே. 'கை' என்னும் தமிழ்ச் சொல்லினின்று பிறந்ததுபோல் தோன்றினும், விலங்கு எனப் பொருள்படும் 'கைத்' என்னும் அரபுச் சொல்வழி வந்ததே அது. பிணிக்கப்பட்டவர் என்பதற்குமேல் அது எதுவும் கூறவில்லை. குற்றமற்றவர்கள் என்னும் சான்றுகள் தெரிந்த பின்னரும் நபி யூசுஃப் (அலை) அவர்கள் சிறையிலடைக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அதனைத் தண்டனை என்போமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், வழக்கு முடியாதவர்கள். அவர்கள் நிலையைச் 'சிறைத்தண்டனை' என எழுதுங்கால், நீதிபதி கூறாத தீர்ப்பை நாம் கூறிவிடுகிறோம்.

தண்டனையாக விதிக்கப்படுவதைச் சட்டம் 'இம்ப்ரிசன்மென்ட்' என்னும் வேறு சொல்லால் குறித்து, கடுங்காவல், மெய்க்காவல் எனப் பகுக்கிறது. 'சிறைத்தண்டனை' அதற்கே உரியது. 'இன்கார்சரேஷன்' வருமிடத்துச் 'சிறைவைப்பு' என்றெழுதுதல் தகும்.