மோட்டார் எஞ்சினின் மூச்சுக் கணக்கு

மோட்டார் வண்டியைப் பெற்றோல் குடிக்கும் வண்டியென்றே யாவரும் கூறுவர். உண்மையில் அது பெற்றோலைக் காட்டிலும் காற்றையே பன்மடங்கு உட்கொள்கின்றது. நிறைப்படி நோக்கின், ஓர் இறாத்தல் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 இறாத்தல் காற்று வேண்டும். இந்த அளவில் கலந்தால் ஒட்சிசனும் மிஞ்சாது, பெற்றோலும் மிஞ்சாது. பெற்றோல் கூடிய கலவையைச் செறிவான கலவை என்றும், குறைந்ததை ஐதான கலவை என்றும் வழங்குவர்.

முற்றாக எரிவது வேறு. முழு வலுவைத் தருவது வேறு. எஞ்சினிடமிருந்து அதிகூடிய வலுவைப் பெற விரும்பின், 12.5 அல்லது 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்னும் அளவுக்குக் கலவையைச் செறிவாக்க வேண்டும். தானாகக் காற்றை இழுக்கும் சாதாரண எஞ்சினுக்கு இது பொருந்தும். அத்தகைய எஞ்சினில், பிஸ்டன் எனப்படும் முசலம் கீழிறங்கும்போது, வெளியேயுள்ள வளிமண்டல அமுக்கமே காற்றை உள்ளே தள்ளுகின்றது. அந்த அமுக்கத்துக்கு மேற்பட்ட காற்று அதற்குக் கிடைப்பதில்லை. ஆதலால் கலவை சற்றுப் பிசகினாலும் வண்டி இருமும், தயங்கும், வலுக் குன்றும். பெரும்பாலும் அம்மட்டிலேயே நின்றுவிடும்.

டர்போ பூட்டிய எஞ்சினின் கதை வேறு. வீணாக வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டுவதே டர்போவின் வேலை. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூக்கி என்பவர் 1905 இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். உயரப் பறக்கும் விமானங்களுக்கே அது முதலில் பெரிதும் வேண்டப்பட்டது. 1918 இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஒரு விமான எஞ்சினை ஏற்றிச் சென்று, மெல்லிய காற்றிலே டர்போவைச் சோதித்துப் பார்த்தனர். மலையடியில் உள்ளதற்குக் குறையாத வலு உச்சியிலும் கிடைத்தது.

காற்றை அமுக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பைத் தொட்டுப் பார்த்தவர் இதனை அறிவர். ஏற்கெனவே சூடான காற்று உருளையினுள் மீண்டும் அமுக்கப்படும்போது, சுடர் பரவி வந்து சேருமுன்னரே எஞ்சிய கலவை தானாக வெடித்துவிடக் கூடும். சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை அப்போது எழும். எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 சதம பாகையைக் கடந்தது; அலுமினியமோ 660 பாகையில் உருகுவது. முசலத்தின் மேல் படிந்திருக்கும் மெல்லிய வாயுப்படலமே அதனைக் காத்து நிற்கின்றது. தட்டல் அந்தப் படலத்தைச் சிதைத்து விடுகின்றது. பின்னர் முசலம் உருகித் துளைபடுவதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

ஆகவேதான் டர்போ எஞ்சினை முழு அமுக்கத்தில் ஓட்டும்போது 11 முதல் 12 வரையிலான விகிதத்தில் கலவையைச் செறிவாக வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. மிகுதிப் பெற்றோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிரச் செய்கின்றது. இது பெற்றோல் எஞ்சினுக்கே உரிய முறையாகும். டீசல் எஞ்சினில் எண்ணெய் கூடினால் சூடுதான் கூடும். 1962 இல் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெற்பயர் என்னும் அமெரிக்க வண்டி வேறொரு வழியை நாடியது. நீரும் மெதனோலும் சேர்ந்த திரவமொன்றை அது காற்றுடன் பீச்சியது. திரவம் தீர்ந்தால் சொந்தக்காரர் மீண்டும் நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை! மனிதரின் ஞாபகசக்தியை நம்பி எஞ்சின் அமைப்பது அத்துணை அறிவுடைமையன்று.

இனி, கலவையின் அளவை ஓடும் வண்டியில் அறிவது எவ்வாறு? பழைய மெக்கானிக்குகள் தீப்பொறிச் செருகியைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தார்கள். 1976 இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் செய்த ஒட்சிசன் உணரி, வொல்வோ வண்டிகளில் முதன்முதல் இடம்பெற்றது. சிர்க்கோனியம் ஒட்சைட்டாலான இவ்வுணரியின் ஒரு பக்கம் வெளிக்காற்றும், மறுபக்கம் புகையும் இருக்கும். இரண்டிலுமுள்ள ஒட்சிசனின் வேறுபாட்டுக்கேற்ப அதில் மின்னழுத்தம் பிறக்கும்: ஐதான கலவைக்கு 0.1 வோல்ற்று அளவு, செறிவான கலவைக்கு 0.9 வோல்ற்று அளவு.

இவ்வுணரி 14.7 என்னும் ஒரே புள்ளியைக் காவல் காப்பதற்காக அமைந்தது. தராசின் நடுமுள் எப்பக்கம் சாய்ந்தது என்று அது சொல்லும். எத்தனை இறாத்தல் கூடியது என்று சொல்லாது. சாதாரண வண்டியின் அன்றாட ஓட்டத்துக்கு அது போதும். டர்போ வண்டியில் அதனுடன் ஒரு விளக்குமானியை இணைத்து, "செறிவு" என்று விளக்கு எரிவதைக் கண்டு மனந்தேறுவோர் உளர். 11.5 என்றாலும் 13.5 என்றாலும் அந்த விளக்கு ஏறக்குறைய ஒரே விதமாகவே எரியும். முந்தியது காவல், பிந்தியது ஆபத்தின் வாயில். உணரி சூடேறுந்தோறும் அதன் மின்னழுத்தமும் மாறுவதால், சுமை ஏறிய வேளையில் அக்காட்டுகை இன்னும் நம்பத்தகாததாகும்.

1990 களில் பரவிய அகல்வீச்சு உணரியே இதற்கு ஏற்றது. அதனுள்ளே ஒரு சிற்றறை உண்டு. அவ்வறையிலுள்ள வாயுவை எப்போதும் சமநிலையில் வைக்க, ஒட்சிசனை உள்ளேயோ வெளியேயோ மின்னால் ஏற்றியிறக்குவர். அதற்குச் செலவாகும் மின்னோட்டமே கலவையின் அளவைத் துல்லியமாகக் கூறுகின்றது. இவ்வுணரியைப் பின்னர் பூட்டுவோர் டர்போவுக்கு அப்பால், புகை சற்று ஆறி அமுக்கமும் தணிந்த இடத்திலே பொருத்துவது நன்று. முன்னே குழாயில் வெடிப்பிருந்தால் காற்றுப் புகுந்து, இல்லாத ஐதைக் காட்டும். பெற்றோல் பற்றாமல் தவறிய உருளையும் அவ்வாறே ஏமாற்றும். எரியாத ஒட்சிசன் அதிலிருந்து வருகின்றதன்றோ?

நின்றபடி ஓடும் எஞ்சினில் மானியைப் பார்ப்பதால் பயன் சிறிது. அமுக்கமேறிய காற்றினுள்ளே பெற்றோலைப் பீச்சுவதற்குப் பெற்றோலின் அமுக்கமும் கூடவே ஏறவேண்டும். சாதாரண எஞ்சினுக்கு இத்தொல்லை இல்லை. ஏற்றத்தில் முழுவேகம் பிடிக்கும்போது 11.5 இல் நின்ற முள் 12, 13 என்று நகரத் தொடங்கினால், பம்பு தளர்ந்தது அல்லது வடிகட்டி அடைத்தது என ஐயுற இடமுண்டு. உடனே அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டு, அவ்விரண்டையும் பார்க்கும்வரை வண்டியை மெல்ல ஓட்டுதல் வேண்டும்.