அஞ்சல் வாக்கும் சான்றொப்பமும்: இராதாபுரம் வழக்கை முன்வைத்து

2016 சட்டமன்றத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் தொகுதியில் அ.இ.அ.தி.மு.க.வின் ஐ.எஸ். இன்பதுரை 49 வாக்கு வேறுபாட்டில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. தி.மு.க. வேட்பாளர் மு. அப்பாவு தேர்தல் வழக்குத் தொடுத்தார். தள்ளுபடி செய்யப்பட்ட 203 அஞ்சல் வாக்குகளே வழக்கின் மையம்.

1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின்படி, அஞ்சல் வாக்காளர் 13அ படிவத்தில் அளிக்கும் உறுதிமொழிக்கு உரிய அலுவலரின் சான்றொப்பம் வேண்டும். நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் அத்தகையவரா என்பதே வினா. அவருக்குத் தகுதி உண்டெனக் கொண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2019 அக்டோபரில் அவ்வாக்குகளையும் மின்னணு எந்திரங்களின் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மீண்டும் எண்ண ஆணையிட்டது. எண்ணிக்கை நிகழ்ந்தது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடைவிதித்தது. தடை நீங்குமுன்பே 2021இல் பேரவையின் காலம் முடிவுற்றது.

2023ஆம் ஆண்டுத் திருத்தம், தேர்தல் பணியாளர் வாக்காளர் வசதி மையத்திலேயே அஞ்சல் வாக்களிக்க வகைசெய்தது. சான்றொப்பமிடும் அலுவலர் அங்கேயே அமர்த்தப்படுவதால், இராதாபுரத்தில் எழுந்த ஐயம் பெரிதும் குறைகிறது. எனினும், வாக்காளரின் விருப்பம் தெளிவாக இருக்கையில், சான்றளித்தவரின் தகுதிபற்றிய ஐயத்தால் வாக்கு வீழலாமா என்னும் அடிப்படை வினாவை விதித்திருத்தம் தீர்க்கவில்லை, தவிர்க்கவே செய்கிறது.