விட்டுப்போக நினைத்த ட்ரூவான், விட்டுக்கொடுக்காத ஐசர்மன்

2016 ஜனவரி 20. வட அமெரிக்காவின் இரண்டாம் நிலை ஐஸ் ஹாக்கி லீக்கில் சிராக்யூஸ் கிரஞ்ச் அணிக்கும் டொராண்டோ மார்லிஸ் அணிக்கும் ஆட்டம். சிராக்யூஸுக்காக இறங்க வேண்டிய இருபது வயது வீரர் ஒருவர் ஆட வரவில்லை. காயமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தன்னை வேறு அணிக்கு மாற்றும் பேச்சு நடக்கும் நேரத்தில் ஆடி அடிபட்டுக்கொண்டால் காரியம் கெட்டுவிடும் என்பது அவர் தரப்பு சொன்ன காரணம். தாய் அணியான டாம்பா பே லைட்னிங் அன்றே அவரைச் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தது.

அவர் பெயர் ஜோனதன் ட்ரூவான். கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரர். ஹாலிஃபாக்ஸ் மூஸ்ஹெட்ஸ் என்ற இளையோர் அணியில் 2012-13 பருவத்தில் 49 ஆட்டங்களில் 105 புள்ளிகள் எடுத்தவர். கோல் அடித்தாலும் புள்ளி, கோலுக்கு வழி செய்து கொடுத்தாலும் புள்ளி. அந்த ஆண்டு கனடாவின் சிறந்த இளையோர் வீரர் விருதும் அவருக்குத்தான். அந்த ஜூன் மாதம் முதல் நிலை லீக்கான தேசிய ஹாக்கி லீக்கின் வீரர் தேர்வில், ஹாலிஃபாக்ஸில் கூடவே ஆடிய நேதன் மெக்கின்னன் முதலாவதாக கொலராடோவுக்குப் போனார். ட்ரூவானை மூன்றாவதாக டாம்பா எடுத்தது.

இந்தத் தேர்வு முறையில் எந்த அணிக்கு ஆடுவது என்று வீரர் முடிவு செய்ய முடியாது. எடுத்த அணிக்கே அவர்மீது உரிமை. பிடித்த அணியோடு சுதந்திரமாகப் பேச ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மனம் ஒப்பாவிட்டால் 'என்னை வேறு அணிக்கு மாற்றுங்கள்' என்று கேட்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது அணியின் இஷ்டம்.

ட்ரூவானின் மனக்கசப்பு ஒரே நாளில் வந்ததல்ல. முதல் ஆண்டே அவரை ஹாலிஃபாக்ஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கனடா இளையோர் லீக்கிலிருந்து வரும் பதின்ம வயது வீரரைப் பெரிய அணியில் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வந்த இடத்துக்கே அனுப்பலாம். நடுவில் இருக்கும் இரண்டாம் நிலை லீக்குக்கு அனுப்ப அப்போதைய விதி இடம் தரவில்லை. அங்கே போய் 46 ஆட்டங்களில் 108 புள்ளிகள் குவித்தார். கற்றுக்கொள்ள அங்கே இனி எதுவும் பாக்கியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

2014-15இல் பெரிய அணிக்கு வந்தார். 70 ஆட்டங்கள், நான்கே கோல்கள். ஐஸ் ஹாக்கியில் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து வீரர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். யார் யாரோடு இறங்குவது, எத்தனை முறை இறங்குவது எல்லாம் பயிற்சியாளர் கையில். டாம்பாவின் பயிற்சியாளர் ஜான் கூப்பர், 'பக்' எனப்படும் அந்த ரப்பர் வட்டு தன் மட்டையில் இல்லாத நேரத்திலும் வீரர் உழைக்க வேண்டும், பின்னால் ஓடிவந்து தடுக்க வேண்டும் என்பதில் கறாரானவர். பல ஆட்டங்களில் ஒரு முன்கள வீரரைக் குறைத்துத் தற்காப்புக்குக் கூடுதலாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கணக்கில் அடிக்கடி வெளியே உட்கார்ந்தவர் ட்ரூவான். 2015இல், பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் டாம்பா இறுதிச்சுற்று வரை போய் சிகாகோவிடம் தோற்றது. அந்த 26 பிளேஆஃப் ஆட்டங்களில் ட்ரூவான் ஆடியது ஆறில் மட்டும்.

தற்காப்பைக் கற்றுக்கொள் என்று சொன்னதில் தவறில்லை. ஆனால் பத்து நிமிடம் ஆடவிட்டு, ஒரு பிழை செய்ததும் உட்கார வைத்தால் எதைக் கற்றுக்கொள்வது? இந்தப் பிணக்கில் அணிக்கும் பங்கு உண்டு.

2015 நவம்பரில் மாற்றம் கேட்டார், கமுக்கமாக. 2016 ஜனவரி 2 அன்று அவரை சிராக்யூஸுக்கு இறக்கினார்கள். மறுநாளே முகவர் ஆலன் வால்ஷ் அந்தக் கோரிக்கையை ஊரறியச் சொல்லிவிட்டார். வீட்டுச் சண்டை வீதிக்கு வந்தது. விற்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவரிடம் யாரும் நல்ல விலை கொடுக்க மாட்டார்கள். இனி மற்ற அணிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்கும். முகவரின் கணக்கு அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். நெருக்கினால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்பது.

அணியின் பொது மேலாளர் ஸ்டீவ் ஐசர்மனுக்கு இப்படியொரு சிக்கல் புதிதல்ல. இரண்டே ஆண்டுகளுக்கு முன், கனடா ஒலிம்பிக் அணியை அவர் தேர்வு செய்தபோது தன் அணித் தலைவர் மார்ட்டின் சான் லூயியை முதலில் விட்டுவிட்டார். மனம் உடைந்த சான் லூயி வெளியேற வேண்டும் என்றார். அவர் போக விரும்பியது நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு மட்டுமே. 2014 மார்ச்சில் ரேஞ்சர்ஸின் அணித் தலைவர் ரயன் கேலஹனையும் எதிர்காலத் தேர்வு வாய்ப்புகளையும் வாங்கிக்கொண்டுதான் ஐசர்மன் அவரை விட்டார்.

ஐசர்மன் வீரராக இருந்த காலத்தையும் சொல்ல வேண்டும். டெட்ராய்ட் ரெட் விங்ஸில் 1988-89 பருவத்தில் 155 புள்ளிகள் எடுத்த கோல் வேட்டைக்காரர் அவர். பிறகு வந்த பயிற்சியாளர் ஸ்காட்டி போமன், தற்காப்பையும் சேர்த்து ஆடச் சொன்னார். ஐசர்மனையே விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஒரு கட்டத்தில் பலமாக அடிபட்டது. அவர் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். 1997, 1998, 2002 என லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை மூன்று முறை தலைவராக நின்று வாங்கினார். ட்ரூவானிடம் கேட்கப்பட்டது, தானே ஒரு காலத்தில் கொடுத்த விலை என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இடைநீக்கம் ஆறு வாரத்துக்கு மேல் நீண்டது. வீரர் மாற்றத்துக்குக் கடைசி நாள் பிப்ரவரி 29. அன்றும் ஐசர்மன் அசையவில்லை. அணிக்கு நன்மை தரும் விலை வந்தால் மாற்றுவேன், இல்லையென்றால் இல்லை என்பதே அவர் நிலை. அதைவிட முக்கியம், அவர் செய்யாமல் விட்டது. பையனைப் பொதுவெளியில் திட்டவில்லை. இனி இந்த அணியில் உனக்கு இடமில்லை என்றும் சொல்லவில்லை. தண்டனை கடுமையானது, ஆனால் திரும்பி வந்தால் ஆடலாம் என்ற வழி கடைசிவரை திறந்தே இருந்தது. கோபத்தில் அந்த வழியை அடைத்திருந்தால் அடுத்து நடந்த எதுவும் நடந்திருக்காது.

மார்ச்சில் ட்ரூவான் சிராக்யூஸுக்கே திரும்பினார். சக வீரர்களை நடுவழியில் விட்டுப்போன உடைமாற்றும் அறைக்குள் மறுபடி நுழைவது இருபது வயதில் லேசான காரியமில்லை. பத்து ஆட்டங்களில் ஒன்பது கோல் அடித்தார்.

அப்போது டாம்பாவில் தலைவர் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் இரத்தக்கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆட முடியாமல் கிடந்தார். ஏப்ரலில் ட்ரூவானுக்கு அழைப்பு வந்தது. இம்முறை கூப்பர் அவரை நம்பி ஆடவிட்டார். பிளேஆஃபில் நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டம், புரூக்ளினில். தாமஸ் ஹிக்கியின் பலமான மோதலில் ட்ரூவான் நிலைகுலைந்து உள்ளே போனார். திரும்பி வந்தார். டாம்பா ஒரு கோல் பின்தங்கியிருக்க, ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் நிகிதா குச்செரோவுக்கு அவர் தள்ளிய பக் சமன் கோலானது. கூடுதல் நேரத்தில் பிரையன் பாயல் அடித்து டாம்பா வென்றது. அடிபட்டால் காரியம் கெடும் என்று ஜனவரியில் ஒதுங்கியவர், மே மாதத்தில் அடிபட்ட பிறகும் களத்துக்கு வந்து நின்றார். அந்த பிளேஆஃபில் 17 ஆட்டங்களில் 14 புள்ளிகள் எடுத்தார். மாற்றக் கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது.

அடுத்த பருவத்தில் 21 கோல்கள், 53 புள்ளிகள். இப்போது அவருக்குச் சந்தையில் உண்மையான மதிப்பு வந்துவிட்டது. உயர் சம்பளம் எதிர்பார்க்கும் வீரர்கள் பலர் இருக்க, லீக் விதிக்கும் சம்பள உச்சவரம்புக்குள் எல்லோரையும் அடக்குவது டாம்பாவுக்குக் கடினம். 2017 ஜூன் 15 அன்று ஐசர்மன் அவரை மான்ட்ரியாலுக்கு மாற்றி, பதிலுக்கு மிகாயில் செர்காச்சேவ் என்ற இளம் தற்காப்பு வீரரை வாங்கினார். மான்ட்ரியால் ட்ரூவானுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 3.3 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. பிரெஞ்சு பேசும் உள்ளூர்ப் பையனை அந்த நகரம் கொண்டாடியது.

செர்காச்சேவோடு டாம்பா 2020இலும் 2021இலும் கோப்பையை வென்றது. 2021 இறுதிச்சுற்றில் எதிரே நின்றது மான்ட்ரியால். ட்ரூவான் அதில் ஆடவில்லை. ஏப்ரலிலேயே விடுப்பில் போயிருந்தார். பதற்ற நோயாலும் தூக்கமின்மையாலும் பல ஆண்டுகளாக அவதிப்பட்டதாக அந்த செப்டம்பரில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2016இல் அவரை செல்லம் கெட்ட பிள்ளை என்று எழுதியவர்கள் ஏராளம். எல்லோரும் வேடிக்கை பார்க்க, பெரிய எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டிருந்த அந்த இளைஞரின் உள்ளே என்ன ஓடியிருக்கும் என்று கேட்டவர்கள் சிலரே.

ஓராண்டுக்கு 8,25,000 டாலர் என்ற சிறிய ஒப்பந்தத்தில் 2023இல் அவர் கொலராடோவில் சேர்ந்தார். பழைய கூட்டாளி மெக்கின்னனின் அணி அது. அந்தப் பருவத்தில் எடுத்த 56 புள்ளிகள், அதுவரை அவர் ஒரே ஆண்டில் எடுத்தவற்றில் அதிகம்.