நாளைக் காலை கணிதத் தேர்வு



நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் நம் இல்லங்கள் பலவற்றில் நள்ளிரவு தாண்டியும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பொறியியல் படிக்கும் மகனோ மகளோ பருவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாப் பாடங்களுக்கும் இப்படித்தான் என்றாலும், கணிதத் தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் வீடே கனத்துப்போகிறது. அம்மா தேநீர் போட்டு வைத்துவிட்டு, பேசவும் தெரியாமல் படுக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அப்பா, "இத்தனை நாளாக என்ன செய்தாய்?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று வருந்துவார்.

ஒரே இரவில் கணிதத்தைப் படித்துவிட முடியுமா? முடியாது என்றுதான் நாம் உடனே சொல்வோம். ஆனால் ஆய்வுகள் சொல்வது சற்று வேறாக இருக்கிறது. டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்களுக்கு ஒரே வகைக் கணக்குகள் பத்தைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் பத்தையும் ஒரே மூச்சில் போட்டனர். மற்றவர்கள் ஐந்தை ஒரு நாளும், மீதி ஐந்தை ஒரு வாரம் கழித்தும் போட்டனர். பயிற்சி முடிந்து ஒரு வாரத்தில் தேர்வு வைத்தபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே எழுதினார்கள். நான்கு வாரம் கழித்துத் தேர்வு எழுதியவர்களிடம்தான் வேறுபாடு தெரிந்தது. பிரித்துப் படித்தவர்கள் 64 விழுக்காடும், ஒரே மூச்சில் படித்தவர்கள் 32 விழுக்காடும் பெற்றனர்.

அதாவது, ஒரே மூச்சில் படித்தது நாளைய தேர்வுக்குக் கைகொடுக்கலாம். அதனால்தான் பிள்ளைகள் அதை விடுவதில்லை. முதல் பருவத்தில் அப்படித் தேறிவிட்டவர் இரண்டாம் பருவத்திலும் அதையே நம்புகிறார். கணிதமோ மாடிப்படி போன்றது. முதல் பருவத்துத் தொகையிடல் மறந்துபோனவருக்கு, அடுத்து வரும் லாப்லாஸ் உருமாற்றம் முதல் வரியிலேயே நின்றுவிடும். ஏனெனில் அதுவே ஒரு தொகையிடல்தான். ஃபூரியர் தொடரும் அப்படியே. 'அரியர்' என்று நம் பிள்ளைகள் சொல்லும் அந்தச் சுமை பலருக்கும் இப்படித்தான் ஏறுகிறது. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் பல, அரியர் வைத்திருப்பவரை உள்ளேயே விடுவதில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வகையிடலும் அணியும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'டிஃபரன்சியேஷன்', 'மேட்ரிக்ஸ்' என்று கேட்கும்போதுதான் தெரியாததுபோல் ஆகிவிடுகிறது. ஒரு தாளில் இரு மொழிச் சொற்களையும் எதிரெதிரே எழுதி வைத்தாலே பாதிப் பயம் போய்விடும். இதை முதல் மாதத்திலேயே யாராவது சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, ஒரே ஓர் இரவுதான் கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பெரும்பாலான பிள்ளைகள் தீர்த்து வைத்த கணக்குகளை வரிவரியாக வாசிக்கிறார்கள். வாசிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். புத்தகத்தில் மேலே தலைப்பு இருப்பதால், எந்த வழியில் போடுவது என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. வினாத்தாளில் தலைப்பு இருக்காது. எக்ஸை, இ-யின் அடுக்கு எக்ஸால் பெருக்கித் தொகையிடச் சொன்னால் பகுதித் தொகையிடல் வேண்டும். அடுக்கில் எக்ஸுக்குப் பதிலாக எக்ஸின் வர்க்கம் இருந்தால் பிரதியிட்டாலே போதும், இரண்டு வரியில் முடிந்துவிடும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எது எது என்று பிரித்தறிவதுதான் தேர்வு.

அதே ஆய்வாளர்கள் 2007-இல் இதையும் சோதித்திருக்கிறார்கள். கணக்குகளை வகைவகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து பயின்றவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. ஆகவே கடைசி இரவிலும்கூட, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு, ஒவ்வொரு வினாவுக்கும் எந்த வழி என்று மட்டுமாவது எழுதிப் பார்ப்பது நல்லது. முழுவதும் போட நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. அண்ணா பல்கலைக்கழக வினாத்தாள்களில் ஐந்து அலகுகளும், முதற்பகுதியில் 10 இரண்டு மதிப்பெண் வினாக்களும் பல ஆண்டுகளாக இருந்து வந்திருக்கின்றன. பெரிய வினாக்களில் 'இது அல்லது அது' என்ற தெரிவு பெரும்பாலும் ஒரே அலகுக்குள்தான் வரும். எனவே இரண்டு அலகுகளை அப்படியே கைவிட்டவருக்கு அந்தத் தெரிவால் பயனில்லை. ஐந்திலும் அடிப்படையைத் தொட்டுவிடுவதே மேல். ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை, அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது போன்றவை தனி வினாவாகவும் வரும், பெரிய கணக்கின் விடையைச் சரிபார்க்கவும் உதவும்.

தேர்வு எழுதுவோரின் பாதுகாவலராக நாம் வணங்கும் குப்பெர்த்தினோ புனித யோசேப்பு (1603-1663) படிப்பில் மிகவும் தடுமாறியவர். தேர்வில் ஆயர் கேட்டது, அவருக்கு விளக்கத் தெரிந்திருந்த ஒரே நற்செய்திப் பகுதியைத்தான் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். 'இம்பார்ட்டன்ட்' என்று கைக்குக் கை மாறும் தாளை நம்பி உட்காரும் நம் பிள்ளைகளும் அந்தப் புதுமையைத்தான் எதிர்பார்க்கிறார்கள் போலும்!

விடிய விடிய விழித்திருப்பதைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவதை நிறுத்த வேண்டும். படித்தது நினைவில் உறுதிப்படுவது உறக்கத்தில்தான். கணக்குப் போடும்போது இடைப்பட்ட எண்களையும் குறிகளையும் மனத்தில் ஏந்தி நிற்கும் ஆற்றல், உறக்கம் கெட்டால் குறையும். வழி சரியாக இருந்து, கழித்தல் குறி ஒன்று விட்டுப்போய் மதிப்பெண் இழந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அதே ஆற்றலைப் பயமும் தின்றுவிடுகிறது. தேர்வுக்குச் சற்றுமுன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளைத் தாளில் எழுதிய மாணவர்கள் தேர்வை மேலாகச் செய்ததாக, 2011-இல் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பைலாக் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வீட்டில் எழுதத்தான் வேண்டுமென்பதில்லை, "எது பயமாக இருக்கிறது?" என்று அம்மாவோ அப்பாவோ கேட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருந்தால் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அன்று இரவு நினைவூட்ட வேண்டாம்.

பதினொரு மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்வோம். ஹால் டிக்கெட்டையும் கால்குலேட்டரையும் இரவே பைக்குள் வைத்துவிட்டால், காலையில் தேடவேண்டியிருக்காது.