மீன்தொட்டியின் கண்காணா வேலைக்காரர்கள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

"சிறு துரும்பும் பல்குத்த உதவும்" என்பது நம் முன்னோர் வாக்கு. துரும்பைவிடப் பன்மடங்கு சிறிய உயிர்கள் மீன்களின் உயிரையே காக்கின்றன என்பதை இவ்வாண்டு எங்கள் வகுப்பு பட்டறிந்தது. அந்தப் பாடத்திற்கு நாங்கள் கொடுத்த விலை நான்கு தங்கமீன்கள்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் வகுப்பின் சார்பில் 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்தோம். கூழாங்கற்களைக் கழுவிப் பரப்பி, குழாய்த் தண்ணீரை நிரப்பி, வடிகட்டியையும் காற்று மோட்டாரையும் பொருத்தினோம். கடையில் 'நன்மை செய்யும் பாக்டீரியா' என்று ஒரு புட்டி விற்றார்கள். ஊற்றிய அன்றே மீன் விடலாம் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. ஊற்றினோம், ஆறு தங்கமீன்களையும் விட்டோம். ஒன்றாம் வகுப்புத் தங்கைகள் இடைவேளைதோறும் ஓடிவந்து, ஒவ்வொரு மீனுக்கும் பெயர் சூட்டினார்கள்.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது போலும் என்றெண்ணி இன்னும் கொஞ்சம் தீனி போட்டோம். திங்கட்கிழமை காலையில் நான்கு மீன்கள் மிதந்தன. கடைக்காரரையும் புட்டியையும் நாங்கள் ஏசிக்கொண்டிருந்தபோது எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி, "குற்றவாளியை அப்புறம் தேடலாம், முதலில் காரணத்தைத் தேடுங்கள்" என்றார். தேடினோம். அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. உண்ணாமல் கிடந்து அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. வெப்பமும் காரத்தன்மையும் மிகுந்த நீரில் அதன் கொடுமை இன்னும் அதிகம். குளத்திலும் ஆற்றிலும் இயற்கையே இதைத் துப்புரவு செய்கிறது. புதுத் தொட்டியிலோ அதற்கு ஆளில்லை.

அந்தத் துப்புரவுப் பணி இரண்டு படிகளாக நடக்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. அது மீனின் இரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. இரத்தம் பழுப்பு நிறமாகிறது. அடுத்ததாக நைட்ரோஸ்பைரா என்னும் இனம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டினால் வரும் தீங்கு மிகக் குறைவு. நீர்ச்செடிகள் அதை உணவாகக் கொள்கின்றன. எஞ்சியதை வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றி நீக்கலாம்.

அம்மோனியாவை இவ்வாறு மாற்றும் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, ஆண்டு 1890. இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்ற இனம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். நன்னீர் மீன்தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று அமெரிக்க ஆய்வாளர் டிமதி ஹோவனெக் குழுவினர் 1998-இல் எடுத்துக்காட்டினார்கள். நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் இரண்டு படிகளையும் தாமே செய்து முடிக்கின்றன என்பது 2015-இல் தெரியவந்தது.

புட்டி செய்வதும் செய்யாததும்

அப்படியானால் புட்டி பொய்யா? இல்லை. புட்டியில் இருப்பது விதை, விளைச்சல் அன்று. விதைத்த அன்றே எந்த உழவரும் அரிவாளைத் தீட்டுவதில்லை.

இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவை ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாளாகலாம். விதை ஏதும் இடாத தொட்டி பக்குவப்படப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். நல்ல புட்டி அக்காலத்தைக் குறைக்கும்.

'நல்ல' என்ற சொல்லை அழுத்தியே சொல்கிறோம். இந்தப் பாக்டீரியாக்கள் விதைத்துகள் வடிவில் உறங்கிக் கிடக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. கடும் வெயிலில் வைத்தாலும், உறைய வைத்தாலும், நாட்பட்டாலும் மடியும். சில புட்டிகளில் இருப்பவை கழிவைச் சிதைக்கும் வேறு பாக்டீரியாக்கள். மேற்சொன்ன வேலைக்கு அவற்றை நம்ப முடியாது. ஆகவே வாங்குமுன் பெயரையும் தேதியையும் படிக்க வேண்டும்.

நாங்கள் செய்த பிழைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கவில்லை. கிருமியைக் கொல்லவே சேர்க்கப்படும் குளோரின், நம் பாக்டீரியாவை மட்டும் விட்டுவைக்குமா? மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி மாலையில் மோட்டாரை நிறுத்தினோம். இவற்றுக்குப் பிராணவாயு இல்லாமல் முடியாது. வடிகட்டியின் பஞ்சு அழுக்காகத் தெரிந்ததால் குழாயடியில் பிழிந்து கழுவினோம். இந்த உயிர்கள் தண்ணீரில் மிதந்து வாழ்வதைவிடப் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டியே வாழ்கின்றன. ஆக, அவற்றின் வீட்டையே இடித்தோம். பிழை முழுவதும் புட்டியினுடையது அன்று.

இரண்டாம் முயற்சி

பிழைத்த இரு மீன்களையும் ஒரு தோழியின் வீட்டுத் தொட்டிக்கு அனுப்பினோம். புதிய தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்தோம். புதுப் புட்டியை ஊற்றினோம். அதே தோழி தன் பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டும் கொடுத்தாள். மோட்டார் இரவும் பகலும் ஓடியது. மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டோம். அது அழுகித் தரும் அம்மோனியாவே பாக்டீரியாவின் உணவு.

சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டியால் நீரைச் சோதித்துக் குறித்துவந்தோம். 5-ஆம் நாள் அம்மோனியா ஏறியிருந்தது. 10-ஆம் நாள் அது இறங்கி, நைட்ரைட் ஏறியது. 'வெறுந்தண்ணீருக்குக் காவலா?' என்று மற்ற வகுப்பினர் கேலி செய்தார்கள். கண்காட்சி நாளும் வந்துபோனது. அன்றும் எங்கள் தொட்டியில் மீன் இல்லை. குறித்த தாளை மட்டும் அருகில் ஒட்டிவைத்தோம். 19-ஆம் நாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் மட்டும் இருந்தது. மேலும் இரண்டு நாள் தீனியிட்டுச் சோதித்தும் பூஜ்யமே. பிறகே மூன்று கப்பி மீன்களை விட்டோம். சில வாரம் கழித்து மேலும் மூன்று. இதை எழுதும் இன்றுவரை ஆறும் நலமாக உள்ளன, குஞ்சுகளும் பிறந்துள்ளன.

தங்கைகளே, வீட்டில் மீன்தொட்டி வைக்க விரும்பினால் நீங்கள் மறக்கக் கூடாதது ஒன்றே. புட்டியின் மேல் அச்சிட்டதை நம்பி மீனை விடாதீர்கள். தண்ணீரைச் சோதித்துவிட்டு விடுங்கள். அவசரம் நம்முடையது, உயிர் மீனுடையது. ஒன்றாம் வகுப்புத் தங்கைகள் புது மீன்களுக்கும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பழைய நான்கு பெயர்களை மட்டும் அவர்கள் மீண்டும் வைக்கவில்லை.