நீர் ஏன் பச்சையாகிறது, ஏன் தேயிலைச் சாயமாகிறது?

2018ஆம் ஆண்டில் களு கங்கை நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டபோது பழைய பல்லேகம நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீருக்கடியில் போயின. வேறிடங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு வயலையும் கிணற்றையும் தெரிந்த அளவுக்கு இப்பெரிய நீர்ப்பரப்பைத் தெரியாது. ஆகவே, நீரின் நிறத்தைப் பார்த்து எதை அறியலாம் என்பதை இங்கே விளக்குகிறோம்.

சூரிய ஒளியில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. வானவில்லில் அவற்றைப் பிரித்துக் காண்கிறோம். சுத்தமான நீர் சிவப்பு ஒளியையே கூடுதலாக விழுங்கும். நீலம் மிஞ்சும். ஆழ்கடல் நீலமாகத் தெரிவது இதனால்தான். ஆனால் குளத்திலும் கரையோரக் கடலிலும் ஒளியை விழுங்க வேறு இரண்டு பங்காளிகள் இருக்கிறார்கள்.

முதலாவது, நீரில் மிதக்கும் நுண்ணிய தாவரங்கள். பாடநூல்கள் இவற்றைத் தாவரப் பிளாந்தன்கள் என்கின்றன. வயலில் நெற்பயிர் செய்யும் வேலையையே இவையும் செய்கின்றன. இவற்றின் பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் எடுத்துக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. மீனுக்கு உணவின் தொடக்கம் இதுவே.

இரண்டாவது, உக்கிய இலை, வேர், வைக்கோல் ஆகியவற்றிலிருந்து கரையும் சேதனப் பொருள். கோப்பையில் தேயிலை ஊறுவதைப் போன்றதே இது. இச்சாயம் நீல ஒளியை மிகுதியாக விழுங்குவதால் நீர் மஞ்சளாக அல்லது கபிலமாகத் தெரியும். புதிய நீர்த்தேக்கத்தில் மூழ்கிய மரமும் புல்லும் மண்ணும் பல வருடங்களுக்கு உக்கும். அப்போது சாயம் மட்டுமல்ல, நைதரசனும் பொசுபரசும் வெளிவரும். அவை பாசிக்குப் பசளை. இன்றைய கபிலம் நாளைய பச்சைக்குத் தீனி எனலாம். மேட்டுத் தோட்டங்களிலிருந்து கழுவி வரும் பசளையும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

களு கங்கை அம்பன் கங்கையின் கிளையாறு. அம்பன் கங்கை மகாவலியில் சேர்கிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மலைக்காட்டு இலைச் சாயமும் இவ்வழியே கடலுக்குப் போகும். செயற்கைக்கோளிலிருந்து கடலின் நிறத்தை அளப்போருக்கு இது பெரிய தலையிடி. பிளாந்தனும் சாயமும் இரண்டுமே நீல ஒளியைத்தான் விழுங்குகின்றன. எனவே ஆற்றுச் சாயத்தைப் பாசியென்று கணக்கிட்டுவிட நேரும். கரையோரத்தில் நீரைக் கையால் அள்ளிச் சோதிப்பது இன்னும் அவசியமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலைச் சாயம் தன்னளவில் நஞ்சல்ல. ஆயினும் அது குளோரினைத் தின்றுவிடும். கபில நீரில் வழமையான அளவு குளோரின் இட்டால் கிருமிகள் சாகாமல் தப்பலாம். பச்சையின் கதை வேறு. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும் 1999இல் கண்டி வாவியிலும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி பெருகியது. இவ்வினப் பாசிகளில் சில ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். எது நஞ்சுள்ளது என்று கண்ணால் சொல்ல முடியாது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. பச்சை வண்ணப்பூச்சைக் கொட்டியது போன்ற படை கரையில் ஒதுங்கினால் குடிக்க வேண்டாம், பிள்ளைகளைக் குளிக்க விடவேண்டாம், மாடுகளையும் தண்ணீர் காட்ட வேண்டாம்.

சந்தேகம் வந்தால், தெளிவான கண்ணாடிப் போத்தலில் நீரை எடுத்து, மூடி, இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். கையில் படாமல் அள்ளுவது நல்லது. சேறு அடியில் படியும். சாயம் அப்படியே கலந்து நிற்கும். நீலப்பச்சைப் பாசி பெரும்பாலும் மேலே மிதந்து பச்சை வளையமாகும். தெளிந்த நீரெல்லாம் குடிக்கத் தக்கதென்று இதற்குப் பொருளில்லை. கிருமிகள் கண்ணுக்குத் தெரியா.

இன்னொரு வழி 1865இல் பிறந்தது. உரோமையில் வான்கோள்களை ஆராய்ந்த இயேசு சபைக் குருவானவர் அஞ்சலோ செக்கி, பாப்பரசரின் கப்பலொன்றிலிருந்து வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று அளந்தார். இன்றும் உலகெங்கும் இம்முறை கையாளப்படுகிறது. மீன்பிடிக்கப் போகும் தோணிக்காரர் ஒருவர், பாரம் கட்டிய வெள்ளைத் தட்டையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு இதைச் செய்யலாம். வாரத்துக்கொருமுறை, ஒரே இடத்தில், நண்பகலில் அளந்து, திகதியோடும் நீரின் நிறத்தோடும் கொப்பியில் எழுதி வையுங்கள். ஆழம் சட்டென்று குறைந்து நிறமும் பச்சையானால், அந்தக் கொப்பியையும் போத்தலையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.